ஆடிய கையும் பேசிய நாவும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த மூக்கண்டப்பள்ளி மண்ணில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் எண்ணறிவும் ஊட்டி வரும் இக்கழகத்தின் விழாவிலே, விளையாட்டைப் பற்றிப் பேச நான் வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கல்விக் கழகத்தின் மேடையில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்வதே என் உரையின் நோக்கம்.

விளையாட்டு வீரனாக இருந்து, பின்னர் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து ஆட்டத்தை நாட்டுக்கு எடுத்துச் சொல்லும் வர்ணனையாளராக மாறியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருடைய வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் இலட்சுமண் சிவராமகிருஷ்ணன். அவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர் எடுத்த விக்கெட்டுகள் மட்டும் அல்ல. கைக்கு ஓர் இடம் கிடைப்பதும் நாவுக்கு ஓர் இடம் கிடைப்பதும் வெவ்வேறான இரண்டு வெற்றிகள் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. நம்முடைய மக்கள் முதல் வெற்றியைப் பலமுறை பெற்றிருக்கிறார்கள். இரண்டாவது வெற்றிதான் நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது.

இதை விளங்கிக்கொள்ள, சிவராமகிருஷ்ணனுக்கு முன்னே வாழ்ந்த இன்னொருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் பல்வங்கர் பாலு. இங்கிருந்து வடக்கே, இன்றைய கருநாடகத்தைச் சேர்ந்த தார்வாரில் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமார் சமூகத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் பூனாவில் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்குவதும், ஆடுகளத்தை உருளையிட்டுச் சமன் செய்வதும், வலை கட்டுவதும் அவருடைய வேலை. வெள்ளைக்காரர்கள் மட்டையாட்டம் பழகும்போது அவர்களுக்குப் பந்து வீச ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் பந்து பாலுவின் கைக்கு வந்தது. இடக்கையால் அவர் வீசிய மெதுவான சுழற்பந்து, அந்நாளில் இந்தியாவில் எவரும் எளிதில் எதிர்கொள்ள முடியாத பந்தாயிற்று.

பின்னர் பூனா இந்துக்கள் தங்கள் அணிக்கு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் சேர்த்துக்கொண்டார்கள்? ஐரோப்பியரை வெல்ல வேண்டும். வெல்வதற்குப் பாலுவின் கை வேண்டும். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் பருகிக்கொண்டிருக்க, பாலுவுக்குக் கட்டடத்துக்கு வெளியே தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். அவர் தொட்ட குவளையைத் தொடவில்லை. எண்ணிப் பாருங்கள்! 1911-ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகைய வீரருக்கு இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923-இல் அப்பதவியைப் பெற்றார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது என்று நாம் மகிழலாம். ஆனால் அதற்குள் அண்ணனின் ஆட்டக்காலம் முடிந்துவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் தம் இளமையில் பாலுவைப் போற்றியவர். பிற்காலத்தில் அரசியலில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றதையும், 1937-இல் பம்பாய்த் தேர்தலில் பாலு அண்ணலை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றதையும் நான் மறைக்க விரும்பவில்லை. வரலாற்றை உள்ளபடியே சொல்வதுதான் கல்விக்கு அழகு. பாலு 1955-இல் மறைந்தார். அவருடைய கையின் ஆற்றலை எண்கள் சொல்கின்றன. அந்த மண்குவளையைக் கையில் ஏந்தியபோது அவர் நெஞ்சில் என்ன ஓடிற்று என்பதையோ நாம் பெரும்பாலும் பிறர் எழுதியதிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சிவராமகிருஷ்ணனிடம் வருவோம்.

பாலு மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சென்னையில் சிவராமகிருஷ்ணன் பிறந்தார். அவர் நம் சமூகத்தவர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. சென்னை மாநகரில் வளர்ந்தவர். பள்ளிகளுக்கிடையே கிரிக்கெட் போட்டிகள் முறையாக நடக்கும் சூழல் அவருக்கு இருந்தது. பன்னிரண்டு வயதில் பள்ளிப் போட்டி ஒன்றில் 2 ஓட்டங்களே கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தியதாக அவருடைய புகழ் தொடங்குகிறது. 1981-82 பருவத்தில், பதினாறு வயதில், தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் டில்லி அணியை எதிர்த்து 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தார்.

அவர் வீசியது வலக்கைக் கால்சுழல் பந்து. கிரிக்கெட்டில் கற்பதற்கு மிகக் கடினமான கலைகளுள் ஒன்று இது. மணிக்கட்டைச் சுழற்றி வீசப்படும் அந்தப் பந்து, தரையைத் தொட்டதும் வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கத்திலிருந்து வெளியே விலகித் திரும்பும். ஏறக்குறைய அதே கையசைவில் வீசப்பட்டு, எதிர்பாராத வகையில் உள்ளே திரும்பும் பந்தும் உண்டு. அதற்குக் கூக்ளி என்று பெயர். எது வெளியே போகும், எது உள்ளே வரும் என்பதை மட்டையாளர் வீச்சாளரின் மணிக்கட்டைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். வீச்சாளருக்கும் அதே அளவு ஆபத்து உண்டு. விரலும் மணிக்கட்டும் தோளும் ஒரு கணம் ஒத்துழைக்காவிட்டாலும் பந்து விழ வேண்டிய இடத்தில் விழாது, ஓட்டங்கள் பறிபோகும்.

1983 ஏப்ரலில், மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில், பதினேழு ஆண்டும் 118 நாளும் நிரம்பிய வயதில் அவர் முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினார். அந்நாள்வரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களுள் அவரே மிக இளையவர். அப்பந்தயத்தில் அவருக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அடுத்த வாய்ப்புக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். அது 1984 நவம்பர் 28-ஆம் நாள், பம்பாய் வான்கடே மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கிற்று.

அவையோர்களே! அந்த நாளை நான் நூல் பார்த்துச் சொல்லவில்லை. அன்று நான் பள்ளி மாணவன். இந்த வட்டாரத்திலே ஒரு சிற்றூர். அதன் பெயர் வேண்டாம். சாலையோரத்தில் ஒரு தேநீர்க் கடை. கடைக்குள் பலகை, பலகையில் ஊர்ப் பெரியவர்கள். கடைக்கு வெளியே கூரை நிழல் முடியும் இடத்தில் நாங்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. எங்களுக்கு ஓலைச் செருகலில் கவிழ்த்து வைத்திருக்கும் தனிக் குவளை. பருகியபின் நாங்களே கழுவி அங்கேயே செருகிவிட வேண்டும். பாலு என்ற பெயரை நான் அப்போது கேள்விப்பட்டதில்லை. பூனாவின் மண்குவளை தொண்ணூறு ஆண்டு நடந்து எங்கள் ஊர்க் கடைக்கு வந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

கடையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. நேர்முக வர்ணனை ஆங்கிலத்தில் சிறிது நேரம், இந்தியில் சிறிது நேரம் என மாறிமாறி வரும். கடையில் இருந்தவர்களின் தாய்மொழி தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்றாக இருந்தது. ஆங்கிலமோ இந்தியோ அங்கு எவருக்கும் விளங்காது. கூட்டத்தின் ஆரவாரம் கேட்கும். விக்கெட் விழுந்தது என்று மட்டும் புரியும். வீழ்ந்தவர் யார், வீழ்த்தியவர் யார், எப்படி வீழ்ந்தார் என்பது தெரியாது. எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர், பத்தாம் வகுப்புக்கு மேலும் படித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர், இரவு வேலை முடிந்து வந்து எங்களோடு வெளியே நின்றிருந்தார். வானொலி ஆங்கிலத்தில் சொல்வதை எங்கள் நான்கைந்து பேருக்காகத் தாழ்ந்த குரலில் அவர் சொல்லத் தொடங்கினார். "நம் மதராசுப் பையன் போடுகிறான், பந்து உள்ளே போகும்போல் வந்து வெளியே போகிறதாம், அடிக்கத் தெரியாமல் தடுமாறுகிறார்களாம்" என்றார்.

சிறிது நேரத்தில் பலகையில் இருந்தவர்களின் பேச்சு நின்றது. ஒருவர் கழுத்தைத் திருப்பி, "என்னப்பா சொல்றான் அதுல? கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார். அதுவரை அந்த அண்ணனை அவர்கள் "அடேய்" என்றே அழைத்து வந்தார்கள். அன்று ஒருவர் பெயரைச் சொல்லி அழைத்தார். அண்ணனும் குரலை உயர்த்தினார். மாலைக்குள் இங்கிலாந்து 195 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சிவராமகிருஷ்ணன் 64 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். அந்த ஆறு விக்கெட்டையும் எங்கள் ஊர் கேட்டது வெளியே நின்ற ஒருவரின் வாயிலிருந்துதான்.

மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்: அன்று குவளை மாறவில்லை. அண்ணன் பருகிய குவளையை அவரே கழுவி ஓலையில் செருகிவிட்டுத்தான் வீடு திரும்பினார். குவளையை மாற்றப் பின்னாளில் வேறு போராட்டங்கள் வேண்டியிருந்தன. ஆனால் பலகையில் அமர்ந்திருந்த அத்தனை பேரும் வெளியே நின்ற ஒருவரின் சொல்லுக்காகக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவருடைய கை வலிமைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்களின் வயலில் அவர் கை எத்தனையோ நாள் வேலை செய்திருக்கிறது. அவருக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாத ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். நான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தது அந்த மாலையில்தான்.

மீண்டும் ஆட்டத்துக்கு வருவோம். அதே பந்தயத்தின் இரண்டாவது ஆட்டத்தில் 117 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அடுத்து டில்லியில் 99 ஓட்டங்களுக்கு மீண்டும் 6. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஆறு ஆறாகப் பதினெட்டு விக்கெட்டுகள்! அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. 1985 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்த உலகச் சாம்பியன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானின் தலைசிறந்த மட்டையாளர் ஜாவேத் மியான்தத்தை முன்னே இழுத்து ஏமாற்றினார். கண்ணிமைக்கும் நேரத்தில் சதானந்த் விசுவநாத் பந்தைப் பற்றி ஸ்டம்பைத் தட்டினார். அக்கோப்பையை இந்தியா வென்றது.

அதன்பின் நேர்ந்ததை மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். இங்கிலாந்துத் தொடரின் ஐந்து பந்தயங்களில் 23 விக்கெட்டுகள் எடுத்த அவர், தம் வாழ்நாளில் ஆடிய மற்ற நான்கு டெஸ்ட் பந்தயங்களிலும் சேர்த்து எடுத்தவை வெறும் 3. மொத்தம் 9 டெஸ்டுகள், 26 விக்கெட்டுகள். பந்தின் ஒழுங்கு குலைந்தது. மட்டையாளர்கள் அவர் மணிக்கட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1986 சனவரியில் சிட்னியில் ஆடியதே அவருடைய கடைசி டெஸ்ட். 1987 உலகக் கோப்பையோடு ஒருநாள் ஆட்டங்களும் முடிந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. மற்றவர்கள் தொடங்கும் வயதில் அவருடைய பன்னாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது. உள்நாட்டில் தொடர்ந்து ஆடினார். 1987-88-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் இருந்தார். ஆயினும் நாடு அவரை மெல்ல மறந்தது. பத்திரிகைகள் அவர் பெயரை எழுதும்போதெல்லாம் மலர்வதற்குள் உதிர்ந்த அரும்பு என்று இரங்கி எழுதின.

அந்த மனிதர் 2000-ஆம் ஆண்டில் மீண்டும் மைதானத்துக்கு வந்தார். இம்முறை கையில் பந்து இல்லை. முன்னே ஒலிபெருக்கி இருந்தது. வங்காளதேசத்தில் இந்தியா ஆடிய பந்தயத்தில் அவர் வர்ணனையைத் தொடங்கினார். ஒன்பது டெஸ்ட் ஆடியவர், பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நூற்றுக்கணக்கான பந்தயங்களுக்குக் குரல் கொடுத்தார். 2013-இல் பன்னாட்டுக் கிரிக்கெட் கழகத்தின் கிரிக்கெட் குழுவில் ஆட்டக்காரர்களின் சார்பாளராக இடம் பெற்றார். ஆட்டத்தின் விதிகளையும் போக்கையும் ஆராயும் குழு அது. கை ஓய்ந்த பிறகு நா அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

வர்ணனை என்பது வாய்க்கு வந்ததைப் பேசுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. வானொலியில் பேசுபவர் மைதானத்தைக் காணாதவர்களுக்குக் கண்ணாக இருக்க வேண்டும். வீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார், தடுப்பாளர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள், பந்து எத்திசையில் போயிற்று என்பதையெல்லாம் அடுத்த பந்து வருமுன் சொல்லி முடிக்க வேண்டும். தொலைக்காட்சியில் இதற்கு நேர்மாறு. படம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கண் கண்டதையே வாயும் சொன்னால் சலிப்புத் தட்டும். கண் காணாததைச் சொல்ல வேண்டும். இந்தப் பந்து ஏன் திரும்பவில்லை? மணிக்கட்டு எவ்விடத்தில் தளர்ந்தது? மட்டையாளரின் முன்னங்கால் ஏன் தயங்கிற்று? இதற்கு ஆடிப் பார்த்த அறிவு வேண்டும். அந்த அறிவைச் சில நொடிகளுக்குள் சொற்களில் அடுக்கும் மொழிப் பயிற்சியும் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் வர்ணனை நிற்காது. பந்தின் ஒழுங்கு ஏன் குலைகிறது என்பதைத் தோல்வியால் கற்றவரைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்? சிவராமகிருஷ்ணனின் தோல்வியே அவருக்குப் பாடநூலாயிற்று.

கைக்கும் நாவுக்கும் உள்ள இந்தத் தூரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஓர் ஆட்டம் உண்டு. அதையும் கால்பந்து என்றே அழைப்பார்கள். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஒருவர் ஓட, எதிரணியினர் தம் உடலால் மோதி அவரை வீழ்த்துவார்கள். அந்த ஆட்டத்தில் 1961 முதல் 1969 வரை ஒன்பது பருவங்கள் ஆடியவர் இர்வ் கிராஸ் என்னும் கறுப்பின வீரர். பதினைந்து குழந்தைகள் பிறந்த எளிய குடும்பத்தில் எட்டாவது பிள்ளை. கறுப்பின இளைஞர்களின் தோளையும் காலையும் கோடிக்கணக்கான மக்கள் கைதட்டி வரவேற்றார்கள். ஆனால் ஆட்டத்தை விளக்கும் நாற்காலியில் அமர்ந்தவர்கள் வெள்ளையர். 1975-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'தி என்.எஃப்.எல். டுடே' நிகழ்ச்சியில் கிராஸ் அந்த நாற்காலியில் அமர்ந்தார். நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சியில் முழுநேர விளையாட்டு ஆய்வாளராகப் பணியாற்றிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே. கறுப்பின வீரர்கள் அந்த ஆட்டத்தில் அடிபட்டு விழத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே, அதை விளக்கிச் சொல்லும் இடம் அவர்களுள் ஒருவருக்குக் கிடைத்தது. 2021-இல் அவர் காலமானார். பின்னர் அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் உண்டாகும் மூளைச்சிதைவு நோய் அவருக்கு மிக முற்றிய நிலையில் இருந்ததை 2023-இல் தெரிவித்தார்கள். உடலை விற்றுப் பிழைப்பதற்கு உடல் கொடுக்கும் விலை அது. தொழிற்சாலை வாயிலில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்கும் நம் இளைஞர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒலிபெருக்கி கிடைத்துவிட்டால் எல்லா இழிவும் நீங்கிவிடுமா? நீங்காது. 2021 நவம்பரில் சிவராமகிருஷ்ணன் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். தோலின் நிறத்தைக் காரணம் காட்டித் தம்மை வாழ்நாள் முழுவதும் ஏளனம் செய்திருக்கிறார்கள், வேற்றுமை பாராட்டியிருக்கிறார்கள், அதுவும் தம் சொந்த நாட்டிலேயே என்றார். அவருக்கு முன்பே, 2017 ஆகஸ்டில், இந்தியாவுக்காக ஆடிய இன்னொரு சென்னை வீரர் அபினவ் முகுந்த், நிறத்தைச் சொல்லித் தாம் இகழப்பட்டதை எழுதி வெளியிட்டார். அவரும் பின்னாளில் வர்ணனையாளரானார். இந்திய அணியின் சட்டையை அணிந்த பின்பும், நாடறிந்த குரலாக ஆன பின்பும் அந்த ஏளனம் நின்றுவிடவில்லை என்பதே இதன் பொருள்.

நிறத்தால் வரும் இழிவும் சாதியால் வரும் இழிவும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். நிறத்தைப் பழித்தவர்களும் அவர்களை ஆட்டத்திலிருந்தோ கோப்பையிலிருந்தோ விலக்கி வைக்கவில்லை. பாலுவின் குவளை வேறு வகையானது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சிவராமகிருஷ்ணன் சொன்னபோது நாடு கேட்டது. மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. தமக்கு நேர்ந்ததைத் தம் வாயால், தம் சொற்களில், தாம் தேர்ந்த நேரத்தில் சொல்ல அவரால் முடிந்தது. ஒலிபெருக்கி இழிவைத் துடைப்பதில்லை. இழிவை மறைக்க முடியாதபடி செய்கிறது. 114 விக்கெட்டுகள் எடுத்த பாலுவுக்கு இல்லாத வசதி அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இதுவே என் நெஞ்சை அறுப்பது. இருபத்தொரு வயதில் தோற்றவருக்கு முப்பத்தைந்தாவது வயதில் ஒரு கதவு திறந்தது. திறந்ததற்குக் காரணம், அவரிடம் அறிவு இருந்தது, மொழி இருந்தது, அவர் பெயரை நினைவில் வைத்திருந்த ஓர் உலகம் இருந்தது. நம் தெருவில் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பையனுக்கு எத்தனை கதவுகள் திறக்கின்றன? பதினாறு வயதில் "இவனுக்குப் படிப்பு வராது" என்று சொல்லி ஒப்பந்தக்காரரிடம் அனுப்பிவிடுகிறோம். பெண் பிள்ளையாக இருந்தால் திருமணப் பேச்சைத் தொடங்கிவிடுகிறோம். சிவராமகிருஷ்ணனின் முதல் தோல்வியை நாடு மன்னித்தது. நம் பிள்ளையின் முதல் தோல்வியை நாமே மன்னிப்பதில்லை. இக்கழகத்தின் மாலை வகுப்புகள் தேர்வில் தவறியவர்களை மீண்டும் அமர்த்திப் படிக்க வைக்கின்றன அல்லவா? இந்த 25 ஆண்டுகளில் கழகம் செய்த அரும்பணி அதுதான் என்பேன்.

ஆனால் இன்னும் ஒன்று செய்ய வேண்டும். நம் பிள்ளைகள் எழுதப் பழகிவிட்டார்கள். எழுந்து நின்று பேசப் பழகவில்லை. நன்றாகப் படிக்கும் மாணவியைக் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் தலை குனிகிறாள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞன் தொழில் தெரிந்தும் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். தொழிற்சாலையில் விபத்து நேர்ந்தால், நேரில் கண்ட நம் ஆள் வாய் மூடி நிற்கிறான். காணாத மேலாளர் அறிக்கை எழுதுகிறார். நம்முடைய ஆட்டத்துக்குப் பிறர் வர்ணனை சொல்கிறார்கள்! தலைமுறை தலைமுறையாக வெளியே நிற்கவைக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் தொண்டையில் அந்தத் தயக்கம் தங்கியிருப்பது இயல்பே. இயல்பு என்பதற்காக அதை விட்டுவைக்கலாகாது.

ஆகவே கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசட்டும். தான் கண்ட ஒன்றைச் சொல்லட்டும்: தெருவில் நடந்த கபடி, தந்தை வேலை செய்யும் எந்திரம், தாய் சந்தையில் பேசிய விலை, எதுவாயினும் சரி. பெண் பிள்ளைகள் முதலில் பேசட்டும். பேச்சில் தவறு வந்தால் எவரும் சிரிக்கலாகாது என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும்.

எம்மொழியில் பேசுவது என்று கேட்பீர்கள். இந்த எல்லைப்புறத்தில் நம் பிள்ளைகளின் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பேருந்தில் கன்னடம், தொழிற்சாலையில் இந்தி என நான்கு மொழிகள் புழங்குகின்றன. இதைக் குறையாக எண்ணி நாம் கூசுகிறோம். இது செல்வம். ஆங்கிலம் வேண்டும், அந்த அண்ணனுக்கு அன்று ஆங்கிலம் தெரிந்திராவிட்டால் பலகையில் இருந்தவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னதால்தான் அவர்களுக்குப் புரிந்தது என்பதையும் மறக்கலாகாது. கிரிக்கெட்டைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுற்ற காலத்தில், கூத்தபிரானும் அப்துல் ஜப்பாரும் சென்னை வானொலியில் அழகு தமிழில் நேர்முக வர்ணனை செய்து காட்டினார்கள். 2017-இல் தமிழுக்கென்றே தனி விளையாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கிற்று. சிரீகாந்த், பத்ரிநாத் போன்ற முன்னாள் வீரர்கள் தமிழிலேயே ஆட்டத்தை விளக்கினார்கள். தமிழில் பேசுவோருக்கு இன்று நாற்காலிகள் உண்டு. அந்த நாற்காலிகளில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்வார்கள் என்பதே என் கேள்வி.

மாணவச் செல்வங்களே! மைதானத்தில் ஆடுங்கள். ஆடுவதை நான் தடுக்க வரவில்லை. பந்து வீசுங்கள், ஓடுங்கள், வெல்லுங்கள். ஆனால் கையின் காலம் குறுகியது. சிவராமகிருஷ்ணனுக்கு அது இருபத்தொரு வயதில் முடிந்தது. இர்வ் கிராசுக்கு ஒன்பது பருவங்களில் முடிந்தது. உங்கள் தந்தைக்கு ஐம்பது வயதில் முதுகு வலியோடு முடிகிறது. அதன்பின் மிஞ்சுவது நீங்கள் அறிந்ததும், அறிந்ததைச் சொல்லத் தெரிந்ததும்தான்.

அந்தத் தேநீர்க் கடை இன்று இல்லை. சாலை அகலமாகி, கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம் வந்துவிட்டது. வானொலியைத் தமிழாக்கிச் சொன்ன அந்த அண்ணனும் இன்று உயிரோடு இல்லை. எந்த மலரிலும் அவர் பெயர் அச்சேறவில்லை. ஆயினும் ஒரு மாலை முழுவதும் அவர் ஓர் ஊரையே தம் சொல்லுக்குக் காத்திருக்க வைத்தார். அவர் வெளியே நின்று பேசினார். நீங்கள் உள்ளே அமர்ந்து பேச வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கழகம். அதற்காகத்தான் இந்த 25 ஆண்டுகள்.

  ஜெய் பீம்.